கணக்கியல் தேர்வு: கணினியிலா, காகிதத்திலா?

(கல்விக் கழக வெள்ளி விழாவின் இளைஞர் அமர்வில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

கணக்கியல் தேர்வைக் கணினி வழியாக எழுதுவதா, காகிதத்தில் எழுதுவதா என்பது குறித்துப் பேசுமாறு கழகத்தார் பணித்துள்ளனர். வெள்ளி விழா மேடைக்கு இது சிறிய பொருள் என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் மேனிலை வகுப்பில் வணிகவியல் பயின்ற பிள்ளைகள், தேர்வு முடிவு வந்த மறு வாரமே இக்கேள்வியுடன் என்னிடம் வந்து நிற்கின்றனர். விடையை முன்பே முடிவு செய்துகொண்டு, என் ஒப்புதலுக்காக மட்டும் வருவோரும் உண்டு. ஆகவே சற்று விரிவாகவே கூற விரும்புகிறேன்.

நம் மக்களின் பெயர் கணக்குப் புத்தகங்களில் இடம்பெறாமல் இருந்ததில்லை. பண்ணையின் கூலிக் கணக்கில் இருந்தது. வட்டிக்குக் கொடுப்பவரின் பேரேட்டில் கடன்பட்டவர் பெயராக இருந்தது. எழுதிய கைதான் நம்முடையதாக இல்லை. ஊர்க் கணக்கை வைத்திருந்த கர்ணம் பதவி, 1980-இல் தமிழக அரசால் ஒழிக்கப்படும் வரை, பெரும்பாலும் குறிப்பிட்ட சில குடும்பங்களிலேயே வழிவழியாக நீடித்தது. அண்ணல் அம்பேத்கர் 1945-இல் நிறுவிய மக்கள் கல்விக் கழகம், கலை அறிவியல் கல்லூரியோடு அமையாமல், 1953-இல் பம்பாயில் சித்தார்த்தர் பெயரால் வணிகவியல் பொருளாதாரக் கல்லூரி ஒன்றையும் தொடங்கியது. ரூபாயின் சிக்கல் பற்றி அவர் எழுதிய ஆராய்ச்சி நூல் வெளிவந்தது 1923-இல். இத்துறைக்கெனத் தனிக் கல்லூரி ஏன் தேவைப்பட்டது என்பதற்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டுவதில்லை.

இனி விடயத்திற்கு வருவோம். நகரத்துப் பயிற்சி நிலையம் ஒன்றின் துண்டறிக்கையை மாணவி ஒருத்தி என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். முழுவதும் கணினித் தேர்வு, பக்கம் பக்கமாக எழுதும் தொல்லை இல்லை, உலகெங்கும் வேலை என்று வண்ண எழுத்துகளில் அச்சிட்டிருந்தனர். அது இங்கிலாந்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஏ.சி.சி.ஏ. என்னும் அமைப்பின் தேர்வைப் பற்றியது. அத்தேர்வு குறைவானதன்று. பல நாடுகளில் மதிப்புப் பெற்றது. மொத்தம் 13 தாள்கள். இத்தேர்வில்தான் ஒரு காலத்தில் மாணவர் விருப்பப்படி காகிதத்தையோ கணினியையோ தெரிவு செய்யும் வாய்ப்பு இருந்தது. 2016 செப்டம்பர் முதல் இடைநிலைத் தாள்களுக்கும் அவ்வாய்ப்பு சில நாடுகளில் வந்தது. 2020 மார்ச்சில் இறுதிநிலைத் தாள்களும் கணினிக்கு மாறத் தொடங்கின. இன்று நம் நாட்டு மாணவர் அதனைக் கணினியில்தான் எழுத வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்தே எழுதவும் இசைவளித்தனர். முறைகேடுகளைத் தடுப்பது அரிதாகிவிட்டதால், தவிர்க்க இயலாத நிலையில் உள்ளோர்க்கன்றி, 2026 மார்ச் முதல் அம்முறையை நிறுத்துவதாக 2025 இறுதியில் அறிவித்துவிட்டனர். வீட்டிலேயே எழுதலாம் என்று யாரேனும் இன்னமும் உங்களுக்கு ஆசை காட்டினால் இதனை நினைவிற்கொள்ளுங்கள்.

ஆகவே ஒரே தேர்வுக்கு இரு வழிகள் என்னும் நிலை இன்று இல்லை. கணினியைத் தெரிவு செய்கிறேன் என்று சொல்லும் மாணவர், உண்மையில் வேறொரு பட்டத்தைத் தெரிவு செய்கிறார். துண்டறிக்கை சொல்லாமல் விட்டது இதுதான். இந்தியாவில் ஒரு கம்பெனியின் சட்டப்படியான தணிக்கை அறிக்கையில் கையொப்பமிடும் உரிமை, 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டப்படி, இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் உறுப்பினராகித் தொழில் நடத்தும் சான்று பெற்றவர்க்கே உண்டு. ஏ.சி.சி.ஏ. முடித்தவர் பன்னாட்டு நிறுவனங்களில் நல்ல ஊதியத்தில் பணியாற்றலாம். அந்தக் கையொப்பத்தை மட்டும் இங்கே இட இயலாது. தாமே அலுவலகம் திறந்து, தம் பெயர்ப்பலகையின் கீழ் நம் பிள்ளைகள் நால்வரை அமர்த்தித் தணிக்கைத் தொழில் செய்ய விரும்புபவர், காகிதத்தில் எழுதும் சி.ஏ. தேர்வைத் தாண்டித்தான் வர வேண்டும்.

இரு முறைகளும் நடைமுறையில் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். ஓர் இயந்திரம் ரூ. 80,000-க்கு வாங்கப்பட்டது. நிறுவிய செலவு ரூ. 10,000. ஆயுள் 8 ஆண்டுகள். கழிக்கும்போது கிடைக்கும் எறிமதிப்பு ரூ. 10,000. நேர்க்கோட்டு முறையில் ஆண்டுத் தேய்மானம் என்ன? விடை ரூ. 10,000. நிறுவிய செலவைச் சேர்க்க மறந்த மாணவருக்கு ரூ. 8,750 வரும். எறிமதிப்பைக் கழிக்க மறந்தவருக்கு ரூ. 11,250 வரும். விரிவாக எழுதும் தாளில் வாய்பாட்டையும் செய்முறையையும் காட்டி, ஓரிடத்தில் மட்டும் தவறியவருக்குச் செய்த படிகளுக்கு மதிப்பெண் கிடைக்கும். கணினியின் கொள்குறி வினாவிலோ 8,750-உம் 11,250-உம் விடைகளின் வரிசையில் முன்கூட்டியே காத்திருக்கும். வினா எடுத்தவர் உங்கள் மறதியை நன்கு அறிந்தவர்! உங்கள் விடை திரையில் இருப்பதைக் கண்டு மகிழ்ந்து அழுத்துவீர்கள். அவ்வினாவுக்குரிய 2 மதிப்பெண்ணும் முழுமையாகப் போய்விடும். (முன்வரிசையில் சிலர் சிரிக்கின்றனர். அவர்களுக்கு இந்த அனுபவம் உண்டு போலும்.)

ஏ.சி.சி.ஏ.வின் நிதிக் கணக்கியல் தொடக்கத் தாள் 2 மணி நேரம். 2 மதிப்பெண் வினாக்கள் 35, பின்னர் 15 மதிப்பெண் வினாக்கள் 2. தேர்ச்சிக்கு 50 வேண்டும். தவறான விடைக்குக் கழிவு இல்லை. முடிவும் அன்றே தெரிந்துவிடும். சி.ஏ. தொடக்கநிலையின் கணக்கியல் தாள் 3 மணி நேரம், விரிவாக எழுத வேண்டியது. காகிதத் தேர்வு என்றால் அனைத்தும் விரிவான விடை என்றும் கருதவேண்டா. அதே தொடக்கநிலையில் மூன்றாம், நான்காம் தாள்கள் கொள்குறி வகை. ஒரு தவறுக்குக் கால் மதிப்பெண் கழியும். மேல்நிலைகளிலும் 2024 முதல் 30 விழுக்காடு கொள்குறி வினாக்களே. ஒவ்வொரு தாளிலும் 40, மொத்தத்தில் 50 விழுக்காடு பெற்றாக வேண்டும்.

ஆங்கிலத்தை அஞ்சிக் கணினிப் பக்கம் ஓடுவோர் பலர். தமிழ்வழியில் பயின்ற நம் பிள்ளைகளின் அச்சம் எனக்குப் புரியாததன்று. ஆனால் ஓர் உண்மையைக் கேளுங்கள். இரு தேர்வுகளிலும் தமிழ் இல்லை. சி.ஏ. ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடைபெறுகிறது. (நாட்டின் பிற மொழியினர் என்ன குற்றம் செய்தனர் என்று எவரேனும் கேட்கத்தான் வேண்டும்.) கணக்கியல் தாளில் பற்று, வரவு, பேரேடு, இருப்புநிலைக் குறிப்பு எனப் பெரும்பகுதி எண்களே. அங்கே நம் மாணவர் எவர்க்கும் சளைத்தவரல்லர். சட்டத் தாளில்தான் காரணம் காட்டி வாக்கியமாக எழுத வேண்டும். அதற்கு ஓராண்டு அன்றாடம் ஒரு பக்கம் எழுதிப் பழகினால் போதும். கணினித் தேர்வின் தொடக்கத்தில் எழுதும் வேலை குறைவு என்பது உண்மையே. ஆனால் நீண்ட வினாவை விரைந்து படித்து நுட்பம் உணரவேண்டும். மேல்நிலைத் தாள்களுக்குச் சென்றாலோ பல பத்திகளைத் தட்டச்சு செய்தாக வேண்டும். விரிதாளில் கணக்கிட்டும் காட்ட வேண்டும். ஆங்கிலம் அங்கே சற்றுத் தாமதமாக வந்து நிற்கிறது, அவ்வளவே.

செலவையும் சொல்லிவிடுகிறேன். ஏ.சி.சி.ஏ. கட்டணங்கள் இங்கிலாந்து பவுண்டில் கணக்கிடப்படுகின்றன. ரூபாய் மதிப்புக் குறையும்போது உங்கள் தந்தையின் சுமை ஏறும். தேர்வுக் கட்டணம் நீங்கலாக ஆண்டுச் சந்தாவும் உண்டு. பட்டப்படிப்புக்காகச் சில தாள்களுக்கு விலக்குக் கிடைத்தாலும் அவ்விலக்குக்கும் பணம் கட்ட வேண்டும். சி.ஏ.வில் கட்டணம் ரூபாயில். பயிற்சிக் காலத்தில் சிறு உதவித்தொகையும் கிடைக்கும். நகரத்தில் அறை எடுத்துத் தங்க அது போதாது. இங்கே தேறுவோர் சிலர், மீண்டும் மீண்டும் எழுதுவோர் பலர் என்பதையும் மறைக்கலாகாது. ஆதலால் முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைக்கு என் யோசனை இது. அரசுக் கல்லூரியில் பி.காம். சேருங்கள். அதில் 55 விழுக்காடு பெற்றால் தொடக்கநிலையை எழுதாமலே சி.ஏ. இடைநிலைக்கு நேராகச் செல்லலாம். இடையில் தேர்வு கைகூடாமற் போனாலும் கையில் ஒரு பட்டம் இருக்கும். தாட்கோ நிறுவனம் இத்தகைய பயிற்சிகளுக்கு அவ்வப்போது அறிவிப்பு வெளியிடுகிறது. நாளிதழில் அதனைத் தேடிப் பாருங்கள். குடும்பத்தில் வசதியுள்ள, வெளிநாட்டுப் பணியையே நாடும் பிள்ளை ஏ.சி.சி.ஏ.வுக்குச் செல்வதை நான் தடுக்கமாட்டேன். கட்டண விவரத்தை அந்நிறுவனத்தின் அறிவிப்பிலேயே பார்த்துவிட்டுச் செல்லட்டும். பயிற்சி நிலையத்தின் துண்டறிக்கையை நம்பிச் செல்லவேண்டா.

காகிதத்தில் எழுதுபவருக்குக் கணினி வேண்டாம் என்று நான் கூறியதாக எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்று எந்த அலுவலகத்திலும் பேரேடு கணினியில்தான் உள்ளது. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் நூலிலேயே டேலி பற்றி ஒரு பாடம் உண்டு. பல பள்ளிகளில் அது கணினியைக் காணாமலே மனப்பாடமாக முடிந்துவிடுகிறது. நம் சிற்றூர்களின் தட்டச்சு நிலையங்களில் இளநிலைத் தட்டச்சு முடித்த பெண்பிள்ளைகள், விரிதாளில் அமர்ந்தால் மற்றவரை முந்துவதைக் கண்டிருக்கிறேன்.

கழகத்தாரிடம் ஒரு வேண்டுகோள். இக்கட்டடத்தின் மாடி அறை மாலை 6 மணிக்கு மேல் பூட்டியே கிடக்கிறது. அங்கே 2 கணினிகளும் ஒரு நீண்ட மேசையும் வைத்தால், ஞாயிறுதோறும் முற்பகலில் 3 மணி நேரம் முழுத்தாள் எழுதும் பயிற்சியையும், வார நாள்களின் மாலையில் விரிதாள் பயிற்சியையும் நடத்தலாம். எங்கள் பள்ளியின் கணக்குப்பதிவியல் ஆசிரியர் ஊதியமின்றி விடைத்தாள் திருத்தித் தர இசைந்துள்ளார். சேர விரும்பும் மாணவர்கள் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். பி.காம். படிப்போர் தங்கள் மதிப்பெண் பட்டியலையும் உடன் கொண்டுவருக.