சட்டம் டெல்லியில், கைவிலங்கு நம் தெருவில்!

(பொதுக்கூட்ட உரையின் சுருக்கம்)



போதைப்பொருள் விற்பவனுக்கு வக்காலத்து வாங்க நான் இங்கு வரவில்லை. பிள்ளைகளைச் சீரழிப்பவன் தண்டிக்கப்பட வேண்டியவனே! ஆனால் அந்தத் தண்டனைக்குள் மத்திய அரசின் கை எவ்வளவு தூரம் நீள்கிறது என்பதை நாம் அறிய வேண்டாமா?

காவல்துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. போதைப்பொருள் சட்டமோ 1985இல் நாடாளுமன்றம் இயற்றியது. 1986இல் மத்திய அரசு தனியே ஒரு போதைப்பொருள் கட்டுப்பாட்டு அமைப்பையும் ஏற்படுத்தியது. அந்த அதிகாரியும் பிடிக்கலாம்; உள்ளூர் காவல் நிலையமும் பிடிக்கலாம்.

1989இல் ஜாமீன் விதி கடுமையாக்கப்பட்டது. இன்று 20 கிலோவுக்கு மேல் கஞ்சா என்று வழக்கு எழுதப்பட்டால், குறைந்தது 10 ஆண்டு சிறை. அவர் குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதிக்குத் தோன்றாமல் ஜாமீனும் கிடையாது. சட்டத்தை எழுதியது டெல்லி. எடையை எழுதுவது உள்ளூர் அதிகாரி!

இன்னொன்றையும் கேளுங்கள். போலீசாரிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியாகாது என்பது வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே உள்ள விதி. ஆனால் மத்திய அதிகாரிகள், "நாங்கள் போலீஸ் அல்ல" என்ற வாதத்தின் பேரில், தாங்கள் வாங்கிய வாக்குமூலங்களை நீதிமன்றத்தில் பயன்படுத்தி வந்தார்கள். ஒரே சட்டம், ஒரே குற்றச்சாட்டு. பிடித்த கை எது என்பதைப் பொறுத்து நியாயம் மாறியது! 2020 அக்டோபரில், நம் மாநிலத்திலிருந்து சென்ற தூஃபான் சிங் வழக்கில்தான், இருவருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை அடைத்தது. அதற்கு முன் அப்படிச் சிறை சென்றவர்களின் இளமையை யார் திருப்பித் தருவது?

சகோதரர்களே! இதே சட்டத்தில் பாதுகாப்பும் இருக்கிறது. உடலைச் சோதனையிடும் முன், மாஜிஸ்திரேட் அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னிலையில் சோதனை கோரும் உரிமை உண்டென்று சொல்லியாக வேண்டும். இதை 1999இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. போதைக்கு அடிமையானவர் தாமே சிகிச்சைக்கு முன்வந்தால், சிறு அளவு வழக்கில் விலக்குப் பெறவும் வழி உண்டு.

தண்டனைப் பிரிவுகள் தெருவுக்கு வந்துவிட்டன. பாதுகாப்புப் பிரிவுகள் புத்தகத்திலேயே கிடக்கின்றன! கைது செய்ய அதிகாரம் தரும் மத்திய அரசு, ஊர்தோறும் சிகிச்சைக்கும் நிதி தரட்டும். நம் வேலை என்ன? போதைக்கு ஆளான பிள்ளையை மானத்திற்கு அஞ்சி மறைக்காதீர்கள். போலீஸ் வருமுன் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பிடிபட்டவர் யாராயினும், முதல் நாளிலேயே ஒரு வழக்கறிஞரை நிறுத்துங்கள்!