உலைச் சாந்து

மைசூர் சமஸ்தானத்துப் பத்ராவதியில் 1923ஆம் ஆண்டு மரக்கரியால் இரும்புருக்கும் ஊதுலை இயங்கத் தொடங்கிற்று. விசுவேசுவரய்யாவின் பெயரை அதனோடு சேர்த்துப் போற்றுகிறோம்; இத்தகைய உலைகளின் உட்சுவரைப் பிணைக்கும் சாந்தை நாம் நினைப்பதில்லை.

வீடு கட்டும் சுண்ணாம்பும் சிமெண்டும் அங்கே உதவா. பெருவெப்பத்தில் சிதைந்து பொடிந்துவிடும். ஆகவே, தீச்செங்கல் செய்யும் களிமண்ணையே, சுட்ட கல்லின் தூளுடன் சேர்த்துக் கூழாகக் கரைக்கின்றனர். கொத்தனார் கல்லை அதில் தோய்த்து, அடுத்த கல்லோடு அழுத்தித் தேய்ப்பார். இடைச்சாந்து ஓரிரு மில்லிமீட்டரே இருத்தல் நலம். வீட்டுச் சுவரில் விரற்கனம் வைத்துப் பழகிய கைக்கு இஃது எளிதன்று! சாந்து தடித்தால் சுருங்கி வெடிக்கும். வெடிப்பினூடே உருகிய இரும்பு வெளிப்பட்டால் தொழிலாளர் உயிருக்கே ஆபத்து.

இச்சாந்தை இறுகச் செய்வதும் உலையின் சூடேதான். ஆயினும் முதலில் சிறுதீயிட்டுப் பல நாள் உலர்த்துவர். விரைந்து மூட்டினால் உள்ளீரம் ஆவியாகிச் சுவரைப் பிளந்துவிடும்.