கேள்வி நேரம்



1951 ஜூன் மாதம் ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரில் ஒரு பள்ளி தொடங்கியது. அதற்கு வகுப்பறை கிடையாது. பறக்கும் மருத்துவர் சேவையின் வானொலித் தளத்திலிருந்து ஆசிரியை பேசுவார். பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால், மாட்டுப் பண்ணை வீடுகளில் பிள்ளைகள் கேட்பார்கள். அடிலெய்ட் மீத்கே என்ற கல்வியாளரின் யோசனை அது. முதலில் பாடம் ஒருவழிதான். வெகு சீக்கிரத்தில், பாடம் முடிந்ததும் கேள்வி பதிலுக்கென்று நேரம் ஒதுக்கினார்கள். வானொலி போய் இணையம் வந்துவிட்டது. சுமார் 13 லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டைப் போல் 10 மடங்கு பரப்பு, இன்று அந்தப் பள்ளியின் எல்லை. ஆனாலும் பிள்ளைக்குப் பக்கத்தில் ஒருவர், பெரும்பாலும் அம்மா, உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது மட்டும் மாறவில்லை.

இந்தியாவும் இதில் பிந்திய நாடல்ல. 1975 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சிப் பாடம் போனது. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலையில் ஊருக்கு. ஓராண்டுதான். செயற்கைக்கோள் இரவல், தந்தவர்கள் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

தமிழ்நாட்டில் 2018இல் புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு வந்தது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. கொரோனா 2020 மார்ச்சில் பள்ளிகளைப் பூட்டியபோது கருவிகள் ஓரளவு தயார். குறை வேறு இடத்தில் இருந்தது.

வீட்டில் இருப்பது ஒரே செல்போன். காலையில் அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இரவு எட்டு மணிக்குத் திரும்பும்போது அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும். வாட்ஸ்ஆப் குரூப்பில் கணக்கு டீச்சர் போட்ட வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கும். அக்கா பிளஸ் டூ என்றால் தம்பியின் முறை வரவே வராது. தொலைக்காட்சிப் பாடம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பின்னத்தைக் கூட்டும்போது மேலெண்ணையும் கீழெண்ணையும் சேர்த்தே கூட்டிவிடும் பையனை அதற்குத் தெரியாது. நேரில் பார்க்கும் டீச்சர் நோட்டைப் புரட்டியதுமே பிடித்துவிடுவார்.

ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. அதற்குச் சில நாள் முன்பு மரக்காணம் அருகே தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யில் அரசு நம்பியது ஆட்களைத்தான். உள்ளூர்த் தன்னார்வலர்கள், அதிலும் பெரும்பாலும் பெண்கள், மாலையில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பாடம் சொன்னார்கள். இணையவழி வகுப்பை எதிர்காலம் என்று கொண்டாடியவர்கள், கருவி முதலில், ஆள் கடைசியில் என்று வந்த இந்த வரிசையைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இதனால் தொழில்நுட்பமே வேண்டாம் என்று ஆகிவிடாது. மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டம், பரிதேவாடி கிராமத்து ஆசிரியர் ரஞ்சித்சிங் டிசலே பாடநூலில் கியூஆர் கோடு சேர்த்தவர். 2020இல் உலக ஆசிரியர் விருது பெற்று, பரிசான 10 லட்சம் டாலரில் பாதியை மற்ற இறுதிப் போட்டியாளர்களுக்குப் பகிர்ந்தளித்தார். செய்தித்தாள்கள் கியூஆர் கோடு பற்றி எழுதின. அவர் முதலில் செய்த காரியம் வேறு: பிள்ளைகள் வீட்டில் பேசியது கன்னடம் என்பதைக் கவனித்து, தானும் கன்னடம் கற்று, பாடங்களை மொழிபெயர்த்தார். கோடு அதற்குப் பிறகு வந்தது.

இன்று பி.எட். பட்டம் பெற்று இங்கே அமர்ந்திருப்பவர்களில் பலர் ஜூனில் ஏதாவதொரு பள்ளியில் கையெழுத்திடுவார்கள். ஸ்மார்ட் போர்டு இருக்கலாம், ஓடலாம், ஓடாமலும் போகலாம். எப்படி இருந்தாலும் முதல் வாரத்தில் ஒரு விவரத்தைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்வது நல்லது: எந்தப் பிள்ளை வீட்டில் போன் யாருடையது, எத்தனை மணிக்கு அது பிள்ளையின் கைக்கு வரும். மழை விடுமுறை விட்ட பிறகு கேட்டால், பதில் சொல்ல யாரும் ஆன்லைனில் இருக்க மாட்டார்கள்.