அழகையா வீட்டுப் பிள்ளை



சித்தூர் வெல்ல மண்டிக்குள் ஒரு நாள் காலையில் நின்று பாருங்கள். தெலுங்கில் விலை கேட்பார்கள், தமிழில் பேரம் பேசுவார்கள், பணத்தை எண்ணும்போது மட்டும் அவரவர் தாய்மொழி நாக்கில் வந்துவிடும். திருப்பதி பேருந்து நிலையத்திலும் இதே கதைதான். வேலூர் பஸ் எங்கே நிற்கும் என்று எந்த மொழியில் கேட்டாலும் பதில் கிடைக்கும். பிறந்ததிலிருந்து இதைப் பார்த்துப் பழகியதால் நமக்கு இது பெரிதாகத் தெரிவதில்லை. ஒருவருடைய வாழ்க்கையைப் படித்த பிறகுதான் இது எத்தனை பெரிய பேறு என்று எனக்கு உறைத்தது.

அவர் ஜார்ஜ் அழகையா. பிபிசி தொலைக்காட்சியில் மாலை ஆறு மணிச் செய்தியைப் பல ஆண்டுகள் வாசித்தவர். 1955 நவம்பர் 22ஆம் தேதி கொழும்பில், ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். மறு ஆண்டே, சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. 1958இல் தமிழர்களைத் தேடித் தேடி அடித்த கலவரம். தந்தை பொறியாளர், படிப்பும் உத்தியோகமும் உள்ள குடும்பம். அப்படியிருந்தும் இந்த மண்ணில் பிள்ளைகளுக்கு எதிர்காலம் இல்லை என்று முடிவு செய்து, 1961இல் ஆப்பிரிக்காவின் கானா நாட்டுக்குப் போனார்கள். அகதி என்று யாரும் அவர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் பிறந்த ஊரில் இருக்க முடியாமல் கிளம்பியவர்களை வேறு எப்படிச் சொல்வது?

அதே ஆண்டுகளில் நம் பக்கத்திலும் மொழிதான் பிரச்சினை. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் அதில் சேர்ந்தது. ம.பொ.சி. தலைமையில் வடக்கெல்லைப் போராட்டம் நடந்தது. சிறைக்குப் போனார்கள், உயிரை விட்டவர்களும் உண்டு. பிறகு எல்லையைத் தீர்த்துவைக்கப் படாஸ்கர் வந்தார், ஊர் ஊராகக் கணக்குப் பார்த்தார். 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. இரண்டு பக்கமும் மனக்குறை இருந்தது. எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குக் கடைசிவரை அந்தக் குறை போகவில்லை. ஆனாலும் சித்தூர்த் தமிழர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கண்டம் தாண்டவில்லை. கோடு எங்கே போட்டார்கள் என்பதை ஒதுக்கி வைத்துவிட்டு மண்டிக்குப் போய் வெல்லம் விற்றார்கள். கொழும்பில் அந்த நிதானம் வாய்க்கவில்லை.

பதினோரு வயதில் அழகையாவை இங்கிலாந்துக்கு விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஒரு நாட்டை விட்டு வந்தவன், இரண்டாவது நாட்டையும் விட்டு மூன்றாவது நாட்டில் தனியாகப் படுக்கை விரித்தான். டரம் பல்கலைக்கழகத்தில் மாணவர் பத்திரிகைக்கு ஆசிரியரானார். படிப்பு முடிந்து, வளரும் நாடுகளைப் பற்றி லண்டனிலிருந்து வந்த ‘சவுத்’ பத்திரிகையில் பல ஆண்டுகள். 1989இல் பிபிசி.

இனி நான் சொல்லப்போவதுதான் அவரைப் பற்றி என் மனத்தில் ஆழமாகத் தங்கியது. 1991ஆம் ஆண்டின் கடைசி. சோமாலியாவில் பஞ்சமும் சண்டையும். உதவி போய்ச் சேராத உள்நாட்டுக் கிராமம் ஒன்றில் கேமராவோடு குடிசை குடிசையாக நுழைந்துகொண்டிருக்கிறார். பட்டினியில் சாகும் குழந்தைகள், அழுகிய காயத்தோடு ஒரு மூதாட்டி. இதை எப்படிப் படம் பிடிப்பது, எந்தக் காட்சி மக்களை உலுக்கும் என்ற அவசரம். அந்த ஓட்டத்தில் ஒரு முகம் கண்ணில் படுகிறது. எலும்பும் தோலுமாக ஒரு மனிதர், இவரைப் பார்த்து லேசாகச் சிரிக்கிறார். தாண்டிப் போனவருக்கு அதற்கு மேல் கால் நகரவில்லை. ஏன் சிரித்தார் என்று மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுவரச் சொல்கிறார். வந்த பதில்: இந்தக் கோலத்தில் நீங்கள் என்னைப் பார்த்துவிட்டீர்களே என்று கூச்சமாக இருந்தது, அதனால்தான்.

வீட்டில் ஒன்றும் இல்லாதபோது விருந்தாளி வந்து நின்றால் நம் வீட்டுப் பெண்கள் வாசலில் நின்று சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. அழகையா அதை அடையாளம் கண்டுகொண்டார். அந்த மனிதரின் பெயர் அவருக்குக் கடைசிவரை தெரியாது. ஆனால் அவருக்குக் கடன்பட்டவனாகவே தன்னைக் கருதி, ஆப்பிரிக்காவைப் பற்றி 2001இல் எழுதிய புத்தகத்தில் அதைப் பதிவு செய்தார். செய்தி சேகரிக்கப் போகிறவன் அங்கே வெட்கப்பட வேண்டியவன் யார் என்று தன்னையே கேட்டுக்கொண்ட இடம் அது. வீடிழந்த குடும்பத்தில் வளர்ந்தவர் என்பதால் அந்தக் கேள்வி அவருக்குள் எழுந்தது என்று நான் நம்புகிறேன்.

அவரைப்போல் வீடிழந்து பத்திரிகையாளரான வேறு சிலரும் உண்டு. 1975இல் வியட்நாமின் சைகோன் நகரம் விழுவதற்குச் சில நாட்கள் முன்பு, பதினோரு வயதில் அங்கிருந்து வெளியேறியவர் ஆண்ட்ரூ லாம். அப்பா தென்வியட்நாம் ராணுவ ஜெனரல். கலிஃபோர்னியாவில் உயிர்வேதியியல் படித்தார். அதை விட்டுவிட்டுப் பத்திரிகையாளரானார். புலம்பெயர்ந்த வியட்நாமியர்களைப் பற்றி 2005இல் வந்த அவருடைய கட்டுரை நூலுக்கு அமெரிக்க பென் அமைப்பின் விருது கிடைத்தது.

2004 சுனாமிக்குப் பிறகு அழகையா செய்தியாளராக இலங்கைக்குப் போனார். வடகிழக்குக் கரையில் இருந்த தாத்தாவின் வீடு இடிந்து கிடந்தது. இடிபாடுகளுக்கு நடுவே பழைய கிணற்றின் ஒரு பகுதி மட்டும் அடையாளம் தெரிந்தது. சின்ன வயதில் சகோதரிகளோடு விளையாடிய கிணறு. நாட்டை விட்டுப் போய் நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தவருக்குத் தன் வீடு என்று காட்ட அதுதான் மிஞ்சியிருந்தது. 2014இல் குடலில் புற்றுநோய் கண்டது. சிகிச்சைக்கு நடுவிலும் திரும்பத் திரும்ப வந்து செய்தி வாசித்தார். 2023 ஜூலை 24ஆம் தேதி, 67ஆவது வயதில் காலமானார்.

நம் எல்லையைத் தாண்டினால் கும்மிடிப்பூண்டியிலும் புழலிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. அங்கேயே பிறந்து, அங்கேயே படித்து, பட்டம் வாங்கிய பிள்ளைகள் இருக்கிறார்கள். பத்திரிகை ஆசிரியர்களும் கல்லூரி ஆசிரியர்களும் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தப் பிள்ளைகளைப் பற்றிக் கட்டுரை எழுதியது போதும். அவர்களை எழுதச் சொல்லுங்கள். எழுதியதை அவர்கள் பெயரிலேயே அச்சிடுங்கள். அதற்குரிய சம்பளத்தையும் கொடுங்கள்.