சனி, ஞாயிறு மழையாம்! நாம என்ன செய்யப் போறோம்?

(ஜெகதாப்பட்டினத்தில் நடந்த ஐப்பசி மாதக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்னைக்கு வியாழக்கிழமை. உள்ளே வரும்போதே நாலு பேர் என்னிடம் கேட்டீங்க: "சனி, ஞாயிறு மழைன்னு டிவியில சொல்றாங்களே, நெசமா?" அதனால் இன்று கடன் கணக்கை அரை மணி நேரம் தள்ளி வைத்துவிட்டு மழைக் கணக்கைப் பேசுவோம். ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்பது நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக்கு வருஷத்தில் கிடைக்கும் மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருகிற வடகிழக்குப் பருவமழைதான். கடலோர மாவட்டங்களுக்கு அதைவிட அதிகம். கண்மாய் நிறைவதும் இந்த மழையில்தான், கருவாடு கெடுவதும் இந்த மழையில்தான்.

முதலில் என் தப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு மாதம். குழுக் கூட்டம் முடிந்து கிளம்பும்போது ஒரு அக்கா என்னிடம் வந்து கேட்டாங்க, "உப்புல போட்ட மீனை நாளைக்குக் காயப் போடலாமா, மழை வருமா, போன்ல பாத்துச் சொல்லு." பார்த்தேன். "புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் கனமழை" என்று இருந்தது. நான் பட்டென்று, "ஓரிரு இடம்தான்க்கா, நம்ம ஊர்ல இருக்காது, தைரியமா போடுங்க" என்றேன். அன்று விடியற்காலம் மூன்று மணிக்கு ஆரம்பித்த மழை மறுநாள் மதியம் வரை விடவில்லை. குழுவில் இருபதாயிரம் ரூபாய் உள்கடன் வாங்கிப் போட்ட சரக்கு. அள்ளிக் கட்டுவதற்குள் பாதிக்கு மேல் நனைந்து போச்சு. வெயில் வருவதற்குள் புழு வைத்துவிட்டது.

அடுத்த கூட்டத்தில் அந்த அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சந்தாவை மட்டும் வைத்துவிட்டு, "மழை யாரைக் கேட்டுப் பெய்யுது" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாங்க. எனக்குத்தான் தலை நிமிரவில்லை. இரண்டு தப்பு செய்தேன். ஒன்று, அறிக்கையின் அர்த்தம் தெரியாமல் படித்தேன். இரண்டு, அவங்க எடுக்க வேண்டிய முடிவை நான் எடுத்துக் கொடுத்தேன். இனி யாரும் என்னைக் கேட்காமல் நீங்களே படித்து முடிவு செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் இதைப் பேசுகிறேன்.

எத்தனை இடத்தில் மழை?

வானிலை ஆய்வு மையம் நாலு வார்த்தைகளை வைத்திருக்கிறது. மாவட்டத்தில் கால் பங்கு வரை மழை பெய்யும் என்றால் "ஓரிரு இடங்களில்". கால் பங்கிலிருந்து பாதி வரை "சில இடங்களில்". பாதியிலிருந்து முக்கால் வரை "பல இடங்களில்". அதற்கு மேல் "பெரும்பாலான இடங்களில்". இது எத்தனை இடம் என்பதைத்தான் சொல்கிறதே தவிர, எந்த இடம் என்று சொல்லவில்லை. நம் மாவட்டத்தில் விராலிமலை எங்கே இருக்கிறது, ஜெகதாப்பட்டினம் எங்கே இருக்கிறது! அந்த ஓரிரு இடம் விராலிமலையாகவும் இருக்கலாம், மணமேல்குடியாகவும் இருக்கலாம். "ஓரிரு இடம்" என்றால் நமக்கு இல்லை என்று அர்த்தம் கிடையாது.

எவ்வளவு மழை?

24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. பெய்தால் கனமழை. 12 முதல் 20 செ.மீ. வரை மிகக் கனமழை. அதற்கும் மேலே போனால் அதிகனமழை. காலை 8.30 மணியிலிருந்து மறுநாள் காலை 8.30 மணி வரை ஒரு நாள் என்று கணக்கு வைக்கிறார்கள்.

"பத்து சென்டிமீட்டர்னா விரல் நீளம்தானே" என்று நினைக்க வேண்டாம். ஒரு சென்ட் இடத்தில் 10 செ.மீ. மழை பெய்தால் சுமார் 4,000 லிட்டர் தண்ணீர். பதினைந்து லிட்டர் குடத்தால் அளந்தால் 260 குடத்துக்கு மேல்! அவ்வளவும் உங்கள் வாசலில் ஒரே நாளில் கொட்டினால் எங்கே போகும்? மழைநீர் போகிற வாய்க்காலில் குப்பை அடைத்திருந்தால் வீட்டுக்குள்தான் வரும்.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு

மஞ்சள் என்றால் கவனமாக இரு. ஆரஞ்சு என்றால் தயாராகிக்கொள். சிவப்பு என்றால் இப்போதே செயலில் இறங்கு. சிவப்பு வந்த பிறகு தயாராக ஆரம்பித்தால் பிந்திவிட்டோம் என்று அர்த்தம்.

இன்னொன்று. "புயல் இல்லையாம், சும்மா மழைதானாம்" என்று நிம்மதி அடைகிறோம். 2023 டிசம்பர் 17, ஒரு ஞாயிற்றுக்கிழமை. புயல் எதுவும் இல்லை, மேலே காற்றுச் சுழற்சி மட்டும்தான். மறுநாள் காலை கணக்குப்படி தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை. அந்த மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்யும் மழையைவிட அதிகம் ஒரே நாளில் பெய்துவிட்டது. அடுத்த வருஷம் நவம்பர் 30, சனிக்கிழமை இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கரை கடந்துவிட்டதே என்று படுத்தவர்களுக்கு ஞாயிறு காலை இடுப்பளவு தண்ணீர். புயல் நகராமல் நின்று கொட்டியதில் புதுச்சேரியில் சுமார் 49 செ.மீ. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் இலங்கையில் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது. பெரும்பாலும் வெள்ளத்தாலும் மண்சரிவாலும்தான். காற்றுக்கு மட்டும் பயந்தால் போதாது, தண்ணீருக்கும் பயப்பட வேண்டும்.

கஜாவை மறக்க முடியுமா?

2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை விடியல். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரை ஏறியது. நம் மாவட்டம் அதற்குத் தெற்கே இருந்தும் நாம் தப்பவில்லை. படகுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்ததும், தென்னந்தோப்புகள் படுத்துக் கிடந்ததும், வாரக்கணக்கில் கரண்டு இல்லாமல் இருந்ததும் இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த வார ஆரம்பத்தில் என்ன பேச்சு? வட தமிழ்நாடு பக்கம் போகுது என்றார்கள். பிறகு கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே என்று அறிக்கை மாறியது. முதல் நாள் செய்தியை மட்டும் கேட்டு நிம்மதியாக இருந்தவர்கள் ஏமாந்தார்கள்.

இதில் பாடம் என்ன? கடலில் ஒன்று உருவானால் அறிக்கை தினமும் மாறும். பொய் சொல்வதால் மாறவில்லை, காற்று திசை மாறுவதால் மாறுகிறது. எந்த அறிக்கையிலும் தேதி, நேரம் போட்டிருப்பார்கள். கடைசியாக வந்ததுதான் அறிக்கை. வாட்ஸப்பில் யாரோ பேசுகிற குரலில் தேதியும் இல்லை, யார் பேசுகிறார் என்றும் இல்லை என்றால் அதை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். போன வருஷத்து ஆடியோ இந்த வருஷமும் சுற்றும்.

சனிக்கிழமை கடல் நாள்

இனி சொல்லப்போவதுதான் முக்கியம். திங்கள், புதன், சனி நம் விசைப்படகுகள் போகிற நாள். அதனால் சனிக்கிழமை மழை என்றால் மற்ற ஊர்க்காரர்களுக்கு லீவு நாள் மழை, நமக்கு அது அடுப்பு எரிகிற நாள். மீனவர்களுக்கான எச்சரிக்கையில் கடல் பெயரைக் கவனமாகக் கேளுங்கள். மன்னார் வளைகுடா என்று மட்டும் சொன்னால் அது பாம்பனுக்குத் தெற்கே. "தமிழகக் கடலோரப் பகுதிகள்" என்றால் நாமும் அதில் சேர்த்தி. காற்று மணிக்கு 45 முதல் 55 கி.மீ., இடையிடையே 65 கி.மீ. என்று வந்தால் போகக் கூடாது. அப்போது மீன்வளத் துறையிலும் டோக்கன் தர மாட்டார்கள். நாட்டுப்படகில் போகிறவர்களுக்கும் அதே கடல்தான், அதே காற்றுதான்.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். கன்னியாகுமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர்கள் பலர் அப்போது ஏற்கெனவே கடலில் இருந்தார்கள். பலர் திரும்பி வரவே இல்லை. அந்த வீட்டுப் பெண்களை நினைத்துப் பாருங்கள்.

நான் ஒரு கேள்வி கேட்கிறேன், கோபப்படாதீங்க. எச்சரிக்கை இருந்தும் ஒரு ஆள் ஏன் கடலுக்குப் போகிறார்? வீரம் காட்டவா? இல்லை. "திங்கட்கிழமை தவணை இருக்கு" என்று வீட்டில் சொல்கிறோம். தவணை கட்டாவிட்டால் குழுவில் முகம் காட்ட முடியாது என்று நமக்குப் பயம். அந்தப் பயத்தை அவர் படகில் ஏற்றிக்கொண்டு போகிறார். நம்மைத் தூக்கி விடுவதற்காக ஆரம்பித்த குழு, ஒரு மனுஷனைக் காற்றுக்குள் தள்ளிவிடலாமா?

அதனால் இந்தக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடச் சொல்லிக் கேட்கிறேன். மீனவர்களுக்கு எச்சரிக்கை இருக்கிற வாரத்தில், கடல் தொழில் வீடுகளுக்கு உள்கடன் தவணை அடுத்த வாரத்துக்குத் தள்ளப்படும். அபராதம் இல்லை. முகம் சுளிப்பதும் இல்லை! "அப்போ பேங்க் தவணை?" என்று பின்னால் ஒரு அக்கா கேட்கிறாங்க. நல்ல கேள்வி. பேங்க் காத்திருக்காது, தவறினால் வட்டிச் சலுகை போய்விடும். அதற்குத்தான் மழைக்கால ஒதுக்கு வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 26 வாரம், ஆளுக்கு வாரம் பத்து ரூபாய் தனியாகப் போட்டால், பன்னிரண்டு பேர் குழுவில் 3,120 ரூபாய் சேரும். பெரிய பணம் இல்லைதான். ஆனால் எச்சரிக்கை வந்த வாரத்தில் இரண்டு மூன்று வீட்டுத் தவணையை அது தாங்கும்.

மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டமும் இதே யோசனைதான். நாம் 1,500 ரூபாய் சேமித்தால் அரசு 3,000 சேர்த்து, மீன்வரத்து குறைந்த இந்த மாதங்களுக்காக 4,500 ரூபாயாகத் தருகிறது. இன்னும் சேராதவர்கள் கூட்டுறவு சங்கத்தில் விசாரியுங்கள்.

வெள்ளிக்கிழமை மாலைக்குள் செய்ய வேண்டியவை

1. தீர்மானப் புத்தகம், பேரேடு, பாஸ்புக், ஆதார், குடும்ப அட்டை எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டி உயரத்தில் வையுங்கள். ஊக்குநர் வீடு பள்ளத்தில் இருந்தால் மேட்டில் இருக்கிற உறுப்பினர் வீட்டில் வையுங்கள்.

2. உப்பில் இருக்கிற மீனை உப்பிலேயே விடுங்கள். காய்ந்த கருவாட்டைத் தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்கித் தார்ப்பாயால் மூடுங்கள்.

3. மாசமான பெண்களில் தேதி நெருங்கியவர்கள் யார் என்று குழுவாரியாக எழுதுங்கள். மழைக்கு முன்பே கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரை ஒரு வாரத்துக்குக் கையில் இருக்கட்டும்.

4. தனியாக இருக்கிற வயசான அம்மாக்கள் வீட்டுக்கு ஒரு உறுப்பினர் பொறுப்பு. "வாங்க ஆத்தா, நம்ம வீட்டுக்கு" என்று வெள்ளிக்கிழமையே கூப்பிடுங்கள்.

5. செல்போன், டார்ச் லைட் சார்ஜ் போடுங்கள். குடிதண்ணீர் பிடித்து மூடி வையுங்கள். ஆடு மாட்டை மேட்டில் கட்டுங்கள்.

6. அறுந்த மின்கம்பி கிடந்தால் பக்கத்தில் போகாதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படை எண் 1554. இரண்டையும் இன்றே சுவரில் கரிக்கட்டியால் எழுதி வையுங்கள்.

7. நெல் போட்டவர்கள் பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள். வெள்ளம் வந்த பிறகு ஓடினால் பயன் இல்லை.

"இவ்வளவும் செஞ்சு மழை வரலைன்னா?" என்று கேட்பீர்கள். வரலைன்னா சந்தோஷம்! புத்தகம் பையில் இருந்தது, ஆத்தா இரண்டு நாள் நம் வீட்டில் சாப்பிட்டாங்க, அவ்வளவுதானே? நஷ்டம் என்ன? ஆனால் செய்யாமல் விட்டு மழை வந்தால், அந்த நஷ்டத்தைக் கட்ட எந்தக் குழுவிலும் பணம் இல்லை.

நான் சொன்ன அந்த அக்கா இன்று இந்தக் கூட்டத்தில் இருக்காங்க. பேரைச் சொல்ல மாட்டேன். கருவாடு நனைந்த வருஷம் அவங்க குழுதான், யாரும் கேட்காமலே, அவங்க தவணையை மூன்று மாதம் தள்ளிக் கொடுத்தது. நான் படித்த சமூகப்பணிப் படிப்பில் இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, அந்தக் குழுதான் சொல்லிக் கொடுத்தது. அன்று ஒரு குழு செய்ததை இன்று கூட்டமைப்பே தீர்மானமாகப் போடலாமா? கையைத் தூக்குங்கள் பார்க்கலாம்.



(கூட்டத்தில் இருந்த எல்லாக் குழுக்களும் கை தூக்க, தவணைத் தள்ளிவைப்புத் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மற்ற ஊராட்சிக் குழுக்களும் இதைத் தங்கள் கூட்டத்தில் வாசித்துப் பேசும்படி கேட்டுக்கொள்கிறோம்.)