நீந்துகுளமும் சிறார் கூந்தலும்

(நமது சங்கத்தின் மாதர் பிரிவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வியைப் பற்றியும் கைத்தொழிலைப் பற்றியும் பெரியோர் பலர் பேசிய இம்மேடையில், குழந்தைகளின் தலைமயிரைப் பற்றிப் பேச யாம் எழுந்தமை கண்டு சிலர் நகைத்தல் கூடும். நகைப்பார் நகைக்க. சென்ற கோடை விடுமுறையில் எம் குடும்பத்தில் நிகழ்ந்ததொன்றைக் கூறுவோமாயின், பொருள் அத்துணைச் சிறியதன்று என்பது விளங்கும்.

எம் தமையனாரின் பேர்த்தி ஒன்பது வயதினள். கூந்தல் இடைவரை தொங்கும். அவளையும் அவள் தம்பியையும் சென்னையில் ஒரு நீந்துகுளத்திற் பயிற்சிக்குச் சேர்த்திருந்தனர். ஆறு வாரத்திற்குள் அப்பெண் குளத்தை நீளவாட்டில் நில்லாது கடக்கக் கற்றாள். அதே ஆறு வாரத்தில் அவள் தலை தேங்காய் நார் போலாயிற்று. நுனி செம்பட்டை பாய்ந்து பிளந்தது. சீப்பிட்ட போதெல்லாம் மயிர் முறிந்து கையோடு வந்தது. பாட்டியாராகிய எம் அண்ணியார் ஒரு நாட்காலை, "பெண்பிள்ளைக்கு நீச்சலும் வேண்டா, ஒன்றும் வேண்டா" என்று நிறுத்திவிட்டார்கள். கிராப்புத் தலையனாகிய தம்பி மட்டும் துண்டைத் தோளிலிட்டுக்கொண்டு நாடோறும் போய்வந்தான். அவள் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி, 2021-ஆம் ஆண்டில் உலகெங்கும் நீரில் மூழ்கி மாண்டோர் ஏறக்குறைய 3,00,000 பேர். அவருள் நாலிலொரு பங்கினர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். கிணறும் ஏரியும் கால்வாயும் மலிந்த நாட்டில் வாழ்கின்றோம். இந்நிலையில், மயிர் கெடுமென்று ஒரு பெண்குழந்தையைக் கரையில் நிறுத்துதல் தகுமா? அன்றி, நீச்சலின் பொருட்டு அவள் கூந்தல் பாழாகட்டுமென விடுதல்தான் தகுமா? இரண்டும் வேண்டா என்பதே எம் கருத்து.

கேட்டின் காரணத்தை முதலில் அறிதல் வேண்டும். பலர் சேர்ந்து குளிக்கும் நீரில் பேதி முதலிய நோய்க் கிருமிகள் பரவாதிருக்கும்பொருட்டுக் குளோரின் என்னும் மருந்தைச் சேர்க்கின்றனர். நம் ஊர்க் கிணறுகளிலிடும் பிளீச்சிங் பவுடரும் அவ்வினத்ததே. பத்து லட்சம் பங்கு நீருக்கு ஒரு பங்குக்குக் குறையாமல் இஃது இருத்தல் அவசியம். எனவே குளோரினே கூடாதென்பார் கூற்று கொள்ளத்தக்கதன்று.

இனி, மயிரிழையொன்றை நுண்ணோக்கியால் நோக்கின், அதன் புறத்தே ஓடு வேய்ந்தாற்போல மெல்லிய செதிள்கள் ஒன்றன்மேலொன்று படிந்திருத்தல் காணலாம். அவற்றின்மேல் தலைத்தோலிற் சுரக்கும் எண்ணெய் பூசப்பட்டுளது. குளோரின் அவ்வெண்ணெயைப் போக்கி, செதிள்களைத் தூக்கி, உள்ளிருக்கும் கெராட்டின் என்னும் புரதத்தையும் கருநிறப் பொருளையும் தாக்குகின்றது. திறந்தவெளிக் குளமாயின் வெயிலும் உடன் சேர்ந்து நிறத்தை வெளுக்கச் செய்யும். மேனாட்டாரின் பொன்னிற மயிர் குளத்திற் பச்சையாகின்றதே என்பர். அது குளோரினால் வருவதன்று. பாசியைக் கொல்ல இடும் மயில்துத்தத்திலிருந்தும் குழாய்களிலிருந்தும் கரையும் செம்பினால் வருவது. நம் கரிய கூந்தலில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

காக்கும் வழிகளுள் தலையாயது மிக எளிது, காசு செலவில்லாதது. உலர்ந்த மயிர் நீரை நிரம்பக் குடிக்கும். தன் எடையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு நீரைக்கூட ஏற்கும். குளத்திலிறங்குமுன் நல்ல நீரால் தலையை முற்றும் நனைத்துவிட்டால், குளத்து நீர் புகுதற்கு இடம் குறையும். வேறொரு பயனும் உண்டு. குளத்தருகே மூக்கைத் துளைக்கும் அந்நெடி தூய்மைக்கு அடையாளமென்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு மாறானது. குளிப்போரின் வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு கலந்து பிறக்கும் குளோரமின் என்னும் பொருளின் நெடியே அது. யாவரும் உடல் கழுவி இறங்குவராயின் அது பெரிதும் தணியும். எம் பேர்த்தி பயின்ற குளத்தில் நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே குழாய். அதுவும் பாதி நாள் வாராது. அவ்வாறாயின் வீட்டிலிருந்தே தலை நனைத்துப் போகலாம். ஒரு குடம் நீரும் உடன் கொண்டு போகலாம்.

அடுத்தது எண்ணெய். ரேலே, மோஹிலே என்னும் இருவர் 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மண்ணிலிருந்தெடுக்கும் கனிம எண்ணெய் ஆகிய மூன்றனுள் தேங்காயெண்ணெய் ஒன்றே மயிரினுட் புகுந்து புரத இழப்பைக் குறைத்ததாகக் கண்டனர். அது குளோரினை வைத்துச் செய்த சோதனையன்று. எனினும் நம் பாட்டிமார் பக்கமே அது சாய்கின்றது. இதனைச் சொன்னபோது அண்ணியார் எம்மைப் பார்த்த பார்வையை ஈண்டு விவரிக்க இயலாது! ஆனால் எண்ணெய் வழிய வழியக் குளத்திலிறங்குதல் பிறர்க்குத் தீங்காம். நீர் கெடும், வடிகட்டும் பொறியும் அடைபடும். முன்னிரவிலேயே சிறிதளவு, நுனிவரை தடவிப் பின்னலிடுதல் போதும். மேலே ரப்பர் அல்லது சிலிக்கோன் தொப்பி அணிவித்தல் நன்று. தொப்பி நீரை முழுதும் தடுக்காது. ஆயினும் நீர் ஓயாது அலசுவதையும் வெயிலையும் தடுக்கும்.

கரையேறிய பின் தாமதம் கூடாது. ஈரத் தலையோடு பள்ளிக்கோ வீட்டிற்கோ போகும் அரைமணி நேரமும் குளோரின் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். உடனே நல்ல நீரில் அலசுக. வைட்டமின் ஸி பொடியில் ஒரு சிட்டிகையை ஒரு செம்பு நீரிற் கரைத்துக் கண்ணிற் படாமல் ஊற்றினால் எஞ்சிய குளோரின் மாறிப்போம். நாடோறும் சிகைக்காய் அரக்கித் தேய்த்தல் உள்ள எண்ணெயையும் வாங்கிவிடும். வாரத்திற்கு ஒன்றிரண்டு முறை அமையும். ஈரமயிர் எளிதில் இழுபட்டு அறும். ஆதலின் அகன்ற பல்லுள்ள சீப்பால் நுனியிலிருந்து மேனோக்கிச் சிக்கெடுத்து, உலர்ந்த பின்னரே பின்னல் வேண்டும். பேன் தொலையுமென்று பிள்ளைகளைக் குளத்திற்கு அனுப்புவாரும் உளர். பேன் மயிரை இறுகப் பற்றிக்கொண்டு குளோரின் நீரிலும் பிழைத்திருக்கும், அவ்வாசையை விட்டுவிடுக.

முன்பே பிளந்த நுனி எதனாலும் ஒட்டாது. அதனை வெட்டுதலே வழி. எம் பேர்த்திக்கு நான்கு விரற்கிடை வெட்ட நேர்ந்தது. அன்று வீட்டில் ஒருவரோடொருவர் பேசவில்லை.

இப்பொழுது அவள் மறுபடியும் நீந்தப் போகின்றாள். விடியற்காலையில் அண்ணியாரே ஒரு செம்பு நீரூற்றித் தலையை நனைத்து, பின்னலைச் சுருட்டித் தொப்பிக்குட் செருகுகின்றார்கள். செருகும்போது ஏதோ முணுமுணுப்பதுண்டு. யாது என்று யாம் கேட்பதில்லை.