அரசனைத் தாங்கியோர்: லூபா மரபில் அரண்மனைப் பணியாளர்



மாயப் புனைவுகளில் அரியணைக்கு அருகே ஒரு பணியாளன் நிற்பது வழக்கம். அரசன் ஏவுவான், அவன் செய்வான். அப்பணியாளன் ஆப்பிரிக்க மண்ணின் ஆவி நம்பிக்கைகளைத் தழுவிப் படைக்கப்பட்டவனாயின், பெரும்பாலும் எலும்பு மாலை அணிந்து, முகத்தில் வெண்பூச்சுப் பூசி, பேய்களை ஏவிவிடும் மந்திரவாதியாகவே காட்டப்படுகிறான். அவனுக்குச் சினம் உண்டு, சிந்தனை இல்லை. அச்சுறுத்தும் ஆற்றல் உண்டு, அறம் இல்லை. இத்தகைய பாத்திரத்துக்கு மூலமெனச் சொல்லப்படும் நம்பிக்கைகளின் உள்ளே உண்மையில் இருப்பது யாது என்று வினவுவது படைப்போர் கடமை. மைய ஆப்பிரிக்காவின் லூபா மக்களது மரபு அவ்வினாவுக்குத் தெளிவான விடை தருகின்றது.

லூபா அரசு, 1971 முதல் 1997 வரை சயீர் என அழைக்கப்பெற்ற இன்றைய காங்கோ மக்களாட்சிக் குடியரசின் தென்கிழக்கில் விளங்கியது. காங்கோப் பேராற்றின் மேற்பகுதியாகிய லுவாலாபா ஆறும், அதனை ஒட்டிய உபெம்பா ஏரிகளும் அந்நாட்டின் வளத்துக்குக் காரணம். அங்குள்ள சங்கா என்னும் இடத்துப் பழைய இடுகாட்டை அகழ்ந்தபோது, ஆயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட செம்பு, இரும்பு அணிகலன்களும் மட்கலங்களும் கிடைத்தன. அரசு பெருவலிமையுடன் திகழ்ந்தது 17ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டு வரை எனலாம்.

அவ்வரசின் தோற்றத்தை உரைக்கும் வாய்மொழிக் காப்பியம் ஒன்று உண்டு. அதில் கொங்கோலோ முவாம்பா என்பவன் கொடுங்கோலன், செந்நிற மேனியன், வானவில்லாக உருக்கொள்ளும் பாம்போடு தொடர்புடையவன். ஊரார் காணவே உண்பவன், முறை அறியாதவன். கிழக்கிலிருந்து வரும் வேட்டுவ இளவரசன் இம்பிடி கிலுவே தனித்திருந்து உண்பவன். அடக்கமே அரசின் அழகு என்று காட்டுபவன். கொங்கோலோவின் உடன்பிறந்தாளுக்கும் இம்பிடி கிலுவேக்கும் பிறந்த மகன் கலாலா இலுங்கா. தந்தை தன் நாடு திரும்பிவிட, மகன் தாய்மாமன் அவையிலேயே வளர்ந்து பெருவீரன் ஆகிறான். மருமகன் புகழ் மாமன் நெஞ்சில் நெருப்பாகின்றது. ஆட்டக்களத்தில் குழி தோண்டி, அதனுள் கூர்முனைகளை நட்டு, மேலே பாய் விரித்து, மருமகனை ஆட அழைக்கிறான் மாமன்.

இவ்விடத்தில்தான் பணியாளன் வருகிறான். காப்பியத்தின் சில வடிவங்களில் அவன் முழவு இசைப்போன். வேறு சில வடிவங்களில் எச்சரிப்பவன் மிஜிபு வா கலெங்கா என்னும் குறிசொல்வோன். முழவு இசைப்போன் வாயால் ஒரு சொல்லும் கூறவில்லை; கூறியிருந்தால் அவன் தலை அங்கேயே உருண்டிருக்கும். ஆயின் முழவின் ஒலியில் எச்சரிக்கையை வைக்கிறான். லூபா மொழி ஒலியின் ஏற்றத்தாழ்வால் பொருள் வேறுபடும் மொழி. ஆதலின் அங்கு முழவும் பேசவல்லது. சொல் தடைப்பட்ட களத்தில் தாளம் சொல்லாயிற்று. கலாலா இலுங்கா தன் வேலால் பாயைக் குத்திப் பார்க்கிறான், குழி வெளிப்படுகின்றது. அவன் தப்பி ஆறு கடந்து தந்தையை அடைகிறான். பின்னர்ப் படையொடு மீண்டு கொங்கோலோவை வீழ்த்துகிறான். லூபா மக்கள் ‘புலோபுவே’ என வழங்கும் புனித அரசுரிமை அவனிடமிருந்து தொடங்குகின்றது.

இக்காப்பியத்தை லூக் தெ ஹோய்ஷ் 1972ஆம் ஆண்டிலும், தாமஸ் ரீஃப் 1981ஆம் ஆண்டிலும் விரிவாக ஆராய்ந்து நூல்கள் வெளியிட்டனர். காப்பிய மாந்தரை வரலாற்று மனிதர் என்று அப்படியே கொள்ளலாகாது என்பது ரீஃப் அவர்களின் கருத்து. வரலாறாக இல்லாவிடினும், ஓர் அரசு தன்னைப் பற்றி எதை நம்ப விரும்பியது என்பதற்கு இக்கதை சான்றாகும். அரசன் அமைத்த களத்தில் நின்றே அரசனின் வஞ்சத்தை உடைத்த ஒருவனை அம்மரபு துரோகி என்று இகழவில்லை; போற்றியது. அங்குப் பணியாளன் கடமைப்பட்டிருப்பது அரியணையில் அமர்ந்த ஆளுக்கு அன்று. அரசுரிமையைக் காக்கும் ஆவிகளுக்கு. லூபா மொழியில் அவ்வாவிகள் ‘விடியே’ எனப்படும். ஆள் அறம் தவறினால் பணியாளனின் பற்று ஆளை விட்டு அறத்தின் பக்கம் நிற்கும்.

மிஜிபு வா கலெங்காவையே அரச குறிசொல்வோர் தம் முதல்வனாகக் கொள்வர். அவர்களுக்குக் ‘கிலும்பு’ என்று பெயர். கிலும்பு அருளேறிய நிலையில் தானாகப் பேசுவதில்லை. அவன்மீது வந்த ஆவி பேசுகின்றது. மணிகள் கோத்த தலையணி, வெண்சுண்ணம், சிறு மரவடிவங்கள் இட்ட சுரைக்குடுவை ஆகியன அவன் கருவிகள். குடுவையைக் குலுக்கி, உள்ளே வடிவங்கள் அமைந்த நிலையை நோக்கி, நோயின் காரணத்தையும் பகையின் வேரையும் அவன் ஆராய்வான். ஆவி தன்மீது வருவதற்குப் பாடல் துணை வேண்டும். அவன் மனைவி அப்பாடலில் பங்கு கொள்வாள். வெண்சுண்ணம் அங்குத் தூய்மையின் நிறம், ஆவியுலகின் நிறம். புனைவுகளில் அச்சத்துக்குரியதாகத் தீட்டப்படும் அவ்வெண்பூச்சு, அம்மண்ணில் நன்மையின் குறி என்பது கருதத்தக்கது.

தவறாகப் படிக்கப்பட்ட இன்னொரு பணியாள் வடிவமும் உண்டு. இரு கைகளிலும் கலம் ஏந்தி அமர்ந்திருக்கும் பெண்ணின் மரச்சிற்பம் அது, ‘இம்போகோ’ எனப்படுவது. ஐரோப்பியச் சேகரிப்பாளர் இதனைப் ‘பிச்சைக்காரி’ என்று பெயரிட்டு வழங்கினர். ஆனால் அப்பெண் இரப்பவள் அல்லள். அவள் ஏந்தியிருப்பது வெண்சுண்ணம் வைக்கும் கலம். அவள் ஆவியின் துணைவி. அரசர்க்கும் குறிசொல்வோர்க்கும் ஆவியுலகின் அருளை ஏந்தித் தருபவள். வழங்கும் கையை இரக்கும் கையென்று கண்ட இப்பிழை ஒரு சிற்பத்தின் பெயரில் நேர்ந்த பிழை மட்டும் அன்று. 1885ஆம் ஆண்டில் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்ட் காங்கோவைத் தம் தனியுடைமை நாடாக்கிக்கொண்ட பின், அம்மக்களைப் பார்த்த பார்வை முழுவதும் அதில் அடங்கியுள்ளது.

லூபா அரசர்களின் இருக்கைகளையும் பெண்வடிவங்களே தாங்குகின்றன. தலையும் விரல்களும் இருக்கையின் பாரத்தை ஏந்த, முகம் அமைதியோடு இருக்கும். இத்தகைய சிற்பங்கள் சிலவற்றில் ஒரே கலைஞனின் கைவண்ணம் இருப்பதை ஃபிரான்ஸ் ஓல்பிரெக்ட்ஸ் என்னும் அறிஞர் கண்டறிந்தார். ‘பூலியின் ஆசான்’ என்று அக்கலைஞன் குறிக்கப்படுகிறான். பெண் ஏன் தாங்க வேண்டும்? அரசனின் ஆவியைப் போன்ற ஆற்றல்மிகு ஆவியைத் தாங்கும் வலிமை பெண்ணுடலுக்கே உண்டு என்பது லூபா மக்கள் நம்பிக்கை.

அந்நம்பிக்கையின் முழு வடிவம் ‘முவாடி’ என்னும் பெண்ணிடம் காணப்படும். அரசன் இறந்தபின் அவன் ஆவி ஒரு பெண்மீது இறங்கும். அவளே முவாடி. இறந்த அரசனின் சின்னங்களும் அவையினரும் மனைவியரும் உறைவிடமும் அவள் உரிமையாகும். அவ்வூர் ‘கிட்டெண்டா’, அதாவது ஆவியின் இருக்கை, எனப் பெயர் பெறும். உயிரோடு இருந்தபோது ஆணாக ஆண்டவன், இறந்தபின் பெண்ணாக நிலைபெறுகிறான். இவளைப் பணியாளர் என்பதா, அரசர் என்பதா? தாங்குகிறவள் தாங்கப்படுகிறவனாகவே மாறிவிடும் இந்நிலைக்கு ஈடான ஒரு பாத்திரத்தை வெறுங்கற்பனையால் படைத்தல் அரிது.

இறுதியாக நினைவைத் தாங்குவோர். ‘இம்புட்யே’ என்னும் கழகத்தார் அரசின் வரலாற்றைக் காத்தவர்; அரசனின் அதிகாரம் எல்லை மீறாமல் தடுத்தவரும் அவரே. ‘லுகாசா’ என்பது அவர்கள் கையகலப் பலகை. அதன்மேல் மணிகளும் சோழிகளும் பதிந்திருக்கும். இடக்கையில் அதனை ஏந்தி, வலக்கைச் சுட்டுவிரலால் தொட்டுத் தொட்டு நினைவின் மாந்தர் வரலாறு உரைப்பர். ஒரு மணி ஓர் அரசனாகலாம், ஓர் ஏரியாகலாம், ஒரு பயணமாகலாம். கேட்போர்க்கும் காலத்துக்கும் ஏற்ப உரை மாறும். 1996ஆம் ஆண்டு நியூயார்க் ஆப்பிரிக்கக் கலை அருங்காட்சியகம் லூபா கலை பற்றி நடத்திய பெருங்காட்சி, ‘நினைவு’ என்னும் சொல்லையே தலைப்பின் முதலில் கொண்டிருந்தமை பொருத்தமே.

முழவு இசைப்போன் எச்சரிக்கையைத் தாங்கினான். கிலும்பு ஆவியின் சொல்லைத் தாங்கினான். இம்போகோ அருளைத் தாங்கினாள். முவாடி மறைந்த அரசனையே தாங்கினாள். லுகாசா ஏந்தியவர் நாட்டின் நினைவைத் தாங்கினர். மாயப் புனைவு எழுத விரும்பும் கவிஞர் இம்மரபிலிருந்து எலும்பு மாலையை மட்டும் எடுத்துக்கொள்வாராயின், வழங்கும் கையைப் பிச்சைக்காரியின் கையாகக் கண்ட பழைய பிழையையே மீண்டும் செய்தவர் ஆவார். தாங்குதலை எடுத்துக்கொள்வாராயின், அவர் படைக்கும் பணியாளனுக்கு ஒரு மனச்சான்று இருக்கும். அரசன் விரித்த பாயின்கீழ் இருப்பது குழி என்று அவனுக்குத் தெரியும். அப்போது அவன் எந்தத் தாளத்தை இசைப்பான் என்பதே கதையாகும்.

பாடுகின்ற ஒவ்வொருவர் முன்னும் அக்கேள்வி நிற்கின்றது. அரசவையின் முழவு எல்லாக் காலத்திலும் எவரோ ஒருவர் கையில் இருக்கத்தான் செய்கின்றது.